ஊரணியா, பொட்டலா, புஞ்சையா: மெட்டல் டிடெக்டரை எங்கே எடுத்துப் போவது?

போன சித்திரையில் என் அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து வந்தான். பெட்டியைத் திறந்தால், துணிமணிகளுக்கு நடுவில் மூன்று துண்டாகக் கழற்றிச் சுற்றிய ஒரு மெட்டல் டிடெக்டர். அங்கே சனி, ஞாயிறு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிகளில் நடப்பானாம். கிடைத்த பழைய பொத்தான்கள், குதிரைச் சேணத்தின் கொக்கிகள், தேய்ந்த வெள்ளிக் காசுகள் என்று போனில் நூறு படம் வைத்திருந்தான். வந்த மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போதே கேட்டான்: "மாமா, நம்ம ஊர்ல எங்க போய்த் தேடலாம்?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சுற்றிலும் ஊரணி, கண்மாய், பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள், பழைய கோயில்கள். கருவியைக் கையில் வைத்திருப்பவன் கண்ணுக்கு எல்லாமே தேட வேண்டிய இடமாகத்தான் தெரியும். அவன் இருந்த ஒரு மாதமும் நாங்கள் ஒவ்வொரு இடமாக யோசித்தோம், சிலவற்றுக்குப் போய்ப் பார்த்தோம், ஒரு தப்பும் செய்தோம். இப்போது இந்தக் கருவி ஆன்லைனிலும் கிடைக்கிறது; வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் கொண்டுவருகிறார்கள். அதே கேள்வி உங்கள் வீட்டிலும் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் இந்தக் கருவிக்கு ஏற்ற முதல் வேலை, தொலைத்தவர் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பது. இரண்டாவது, சம்மதம் கொடுத்தவரின் புஞ்சை. மூன்றாவது, அனுமதி வாங்கிய ஊர்ப் பொட்டல். ஊரணியும் கண்மாயும் ஊரே அழைத்தால் மட்டும். தொல்லியல் மேடு, கோட்டை, கோயில் இடம் எப்போதும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

மண்ணுக்குள் கிடைப்பவற்றுக்காக 1878-ல் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. புதையல் என்றதும் குடம் நிறையத் தங்கம்தான் நம் நினைவுக்கு வரும். சட்டத்தின் பார்வை அதைவிட அகலம். மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த கட்டுமானத்திலோ மறைந்திருக்கிற, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு. பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணை கொடுக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு வெள்ளி மெட்டிகூட அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிடைக்க வேண்டிய பங்கும் அரசுக்குப் போய்விடும். நிலத்துக்காரர் உடந்தை என்றால் அவருக்கும் ஆறு மாதம் வரை உண்டு. முறையாகச் சொன்னவருக்கு அதே சட்டம் நல்லதும் செய்கிறது. ஆட்சியர் அறிவிப்புக் கொடுத்து, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக் குறித்து, உரிமை கேட்பவர்களை வரச்சொல்வார். நூறு வருடத்துக்குள் புதைத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றால், உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தபின், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே வேண்டும் என்று நினைத்தால், பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் நின்று பார்க்கிற செப்புத் திருமேனிகளில் நிறைய இந்தச் சட்டத்தின் வழியாக வந்தவைதான். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியவர்கள், உழுதவர்கள் சொல்லியதால் வந்தவை.

அடுத்தது 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம். நூறு வயதைத் தாண்டிய காசு, சிலை, கைவினைப் பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. எடுத்துப்போனால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். "ஞாபகத்துக்கு ஒண்ணே ஒண்ணு" என்று பையில் போட்டுக்கொள்வதும் கடத்தல்தான்.

பழைய பொருள் இல்லை, நேற்று யாரோ தொலைத்த மோதிரம் என்றால்? குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ம் பிரிவு இருக்கிறது. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமலும், தனதாக்கிக்கொண்டால் குற்றம். "கீழ கெடந்துச்சு, எடுத்தேன்" என்பது போலீஸ் ஸ்டேஷனில் பதிலாகாது.

என் மருமகனுக்கு இதெல்லாம் புதிதாகப் படவில்லை. இங்கிலாந்திலும் 1996-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி, புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் கொரோனர் என்கிற விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேடக்கூடத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே புதையல் கணக்கில் வராத சின்னச் சின்னப் பொருள்களையும் தேடுகிறவர்களே கொண்டுபோய்க் காட்டிப் பதிய, 1997-லிருந்து ஓர் அமைப்பு நடக்கிறது. 15 லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கிறது. பொழுதுபோக்காகத் தேடுகிறவனுக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. இங்கே அந்த வாசலை ஆட்சியர் அலுவலகம், தொல்லியல் துறை, ஊர் என்று மூன்று இடத்தில் நாமே போய்த் தட்ட வேண்டும்.

ஊரணியும் கண்மாயும்

அவன் மனம் முதலில் போனது ஊரணிக்குத்தான். எனக்கும் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. நூறு, இருநூறு வருடமாகப் பெண்கள் குடத்தோடு இறங்கி ஏறுகிற படி. எத்தனை கொலுசு, எத்தனை காசு விழுந்திருக்கும்! அந்த வருடம் மழை குறைவு. சித்திரையிலேயே தண்ணீர் நடுப்பள்ளத்துக்குச் சுருங்கிவிட்டது. ஊராட்சித் தலைவரைத் தெருவில் பார்த்து வாய்மொழியாகக் கேட்டேன். "போங்க, அதனால என்ன" என்றார். அது போதும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

காலை ஆறரை மணிக்கு இறங்கினோம். படியில் கால் வைத்ததுமே பின்னாலிருந்து குரல் வந்தது. இடுப்பில் குடத்தோடு ஓர் ஆச்சி. "தம்பி, செருப்பக் கரையில கழட்டிட்டு எறங்கு." எங்கள் ஊரணி குடிக்கிற ஊரணி. குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, செருப்போடு போகக் கூடாது. எந்தப் பலகையிலும் இது எழுதியிருக்காது; நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அவன் கனமான பூட்ஸோடு நின்றான். முகம் சிவந்து, உடனே கழற்றினான்.

கருவியை முடுக்கியதும் நிற்காமல் கத்தியது. நம் மண் செம்பராங்கல் மண். இரும்புச் சத்து நிறைந்தது. மண்ணையே உலோகம் என்று கருவி நினைத்துக்கொள்கிறது. கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: கருவியின் அடித்தட்டை மண்ணை நோக்கி ஏற்றி இறக்கி, அந்த மண்ணின் சத்தத்தைக் கருவிக்குப் பழக்க வேண்டும். கால் மணி நேரம் பிடித்தது. அப்புறமும் இங்கிலாந்துக் களிமண்ணில் எட்டுகிற ஆழம் இங்கே எட்டவில்லை. ஒரு காசு அளவுள்ள பொருள் ஒரு சாணுக்குக் கீழே இருந்தால் சத்தமே வரவில்லை என்றான். வாங்க நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சொல்கிற ஆழம் செம்மண்ணுக்குப் பொருந்தாது.

முதல் ஒரு மணி நேரத்தில் சோடா மூடி பதினான்கு, பாக்குப் பொட்டலத்தின் தகடு, டிராக்டர் போல்ட் ஒன்று, குடத்தின் உடைந்த பித்தளை விளிம்பு. அதன்பின் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய சத்தம். நாலு விரல் ஆழத்தில் பச்சை பூத்த ஒரு பொட்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எச்சில் தொட்டுத் தேய்க்கப் போனான், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். தேய்த்தால் காசின் மேல்தோல் போய்விடும். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. நவராத்திரிக்கு அரண்மனையில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு இது. திருமயம் பக்கமெல்லாம் அன்றைக்கு அந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது. யாரோ ஒருத்தி முடிச்சிலிருந்து நழுவி, இந்தப் படியில் விழுந்திருக்கிறது. அந்த நிமிடம் அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் குறைசொல்ல முடியாது.

தலை நிமிர்ந்தால் கரையில் இருபது பேர். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கேட்டார், "என்ன தம்பி, பொதையலா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சாயங்காலத்துக்குள் பேச்சு வேறாகிவிட்டது. பர்மாவிலிருந்து வந்த நகையைத் தேடுகிறார்கள், கருவி வைத்து இடத்தைக் குறித்துவிட்டு ராத்திரி வந்து தோண்டுவார்கள், கூட ஒரு சாமியார் இருக்கிறார்... 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதன் வாலாகப் புதைத்து வைத்த கதையும் உண்டு. புதையல் ஆசையில் பூசை, பலி என்று இறங்கியவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த பயமும் சேர்ந்துகொள்ளும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சரியில்லை. முன்பின் தெரியாதவன் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் குழி தோண்டினால் ஊர் கவலைப்படத்தான் வேண்டும்.

இரவு ஊர் அம்பலம், அதாவது ஊர்ப் பெரியதனக்காரர், எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "தலைவர்ட்ட கேட்டீங்க சரி, ஊர்ல சொல்லலையே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவர் முன்னிலையில், ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தோடு காசை வி.ஏ.ஓ.விடம் ஒப்படைத்தோம். ஒரு செப்புக்காசுக்கு இவ்வளவா என்று சிலர் கேட்டார்கள். சொல்லி ஒப்படைத்ததால்தான் ஊரில் பேச்சு அடங்கியது. சட்டத்துக்குச் செய்ய வேண்டியதும் ஊருக்குச் செய்ய வேண்டியதும் அன்று ஒன்றாகவே இருந்தன.

வெளியிலிருந்து வருபவர்களுக்குப் புறம்போக்கு என்றால் யாருக்கும் இல்லாத இடம். ஊர்க்காரருக்கு அது எல்லார் வீட்டுச் சொத்து, அதனால் எல்லாரும் கேட்பார்கள். கண்மாய் என்றால் கேட்பவர்கள் இன்னும் அதிகம். சின்னக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் கையில், பெரியது நீர்வளத்துறையின் கையில். தண்ணீர், அதில் பாசனம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்களுடையது. மீன்பாசி ஏலம் எடுத்தவர் வேறு. தன் வயலுக்கு வண்டல் அள்ளுகிற விவசாயியே அனுமதி வாங்கித்தான் அள்ள வேண்டும். மண்வெட்டியோடு கண்மாய்க்குள் நிற்கிறவனைப் பார்த்தால் மண் திருட்டு என்றுதான் முதலில் தோன்றும். கரை, மடை, கலுங்கு பக்கம் கருவி கத்தினாலும் கை வைக்கவே கூடாது. கரையில் தோண்டிய ஒரு முழக் குழி ஐப்பசி மழையில் உடைப்பாகிவிடும்.

எழுதாத விதிகளும் கண்மாய்க்கு நிறைய. மீன்பிடித் திருவிழாவன்று ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடி கருவிகளோடு ஆயிரம் பேர் கரையில் நிற்பார்கள்; ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அய்யனாருக்குப் புரவி எடுக்க முடிவானால், கண்மாயிலிருந்து முதல் கைப்பிடி மண்ணை ஊர் கூடி, மண்குதிரை செய்கிற வேளாரிடம் கொடுக்கும். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். சாமிக்குக் குதிரை செய்யவே மண்ணைக் கேட்டு வாங்குகிற ஊரில், நாம் கேட்காமல் இறங்கிவிட்டோம். மருமகனுக்கு இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

ஆகவே, ஊரணியும் கண்மாயும் நாமாகப் போகிற இடமே இல்லை. தூர்வாரும்போது ஊரே கூப்பிட்டு, "மண்ணை அள்ளிக் கரையில போடுறோம், என்ன கெடக்குன்னு பாருங்க" என்று சொன்னால் போகலாம். அப்போதும் எல்லார் கண் முன்னால், பகலில்.

பொட்டல்

சந்தைத் திடல், மஞ்சுவிரட்டுப் பொட்டல், திருவிழாக் கடை போட்ட இடம். ஊரணியைவிட இது சுலபம். கிடைப்பது பெரும்பாலும் இந்தக் காலத்துப் பொருள், ஆழமும் குறைவு. ஊராட்சித் தலைவரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, விழாக் கமிட்டியிடமும் சொல்லிவிட்டு, விழா முடிந்த மறுநாள் காலையில் போனால் ஊருக்கும் உதவி. கிடைத்ததைக் கமிட்டியிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய மண்ணை அப்படியே திரும்பப் போட்டு, காலால் மிதித்துச் சமன் செய்யுங்கள். மஞ்சுவிரட்டுத் திடலில் மூடாத குழி ஒரு காளையின் காலை முறித்துவிடும். அது வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த மாடு. குடிநீர்க் குழாய் இப்போது எல்லாத் தெருவோரமும் போகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகவே கூடாத இடங்கள்

இதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். திருமயம் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாநிலத் துறை காக்கிற சின்னங்களுக்கு 1966-ம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக உண்டு. பிள்ளையார்பட்டியோ இரணியூரோ மாத்தூரோ, கோயில் நிலம் கோயிலுடையது. காப்புக்காட்டில் தோண்ட வனச்சட்டம் இடம் தராது.

பலகை எதுவும் இல்லாத மேடுகள்தான் எனக்குக் கவலை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் முதுமக்கள் தாழிகள் புதைந்த காடுகள் எத்தனையோ. மழை அரித்த இடத்தில் செம்மண் நிறத்தில் வட்டமாக ஒரு விளிம்பு, பக்கத்தில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள். தாழியில் இரும்பு இருக்கும் என்பதால் கருவி அங்கே உரக்கக் கத்தும். அங்கே கருவியை அணைத்துவிட வேண்டும். போனில் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வி.ஏ.ஓ.வுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மண்ணில் அதிகம் பேசியது உலோகம் இல்லை. கீழடி இதே சிவகங்கை மாவட்டம். 2014-15-ல் தொடங்கிய அகழாய்வில் நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தவை தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும், செங்கல் கட்டுமானமும், மணிகளும். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிதான் கி.மு. 580 என்று காலம் காட்டியது. அந்த ஆழத்துக் கரி அந்த ஆழத்திலேயே கிடந்ததால் வந்த கணக்கு அது. ஒரு சாண் குழியானாலும் மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிட்டால் கணக்கு போச்சு. கருவிக்காரன் இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு ஓட்டைத் தூக்கி எறிந்துவிடுவான். எழுத்து அந்த ஓட்டில்தான் இருக்கும்.

இன்னொன்று. 1898-ல் ஆலங்குடி வட்டம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு. திரும்பப் புழக்கத்துக்கு வராமல் செய்யத்தான் வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாகப் பதிவானதால்தான் அதைச் சொல்ல முடிந்தது. யாரோ ஒருவர் தனியாக எடுத்து ஒவ்வொன்றாக விற்றிருந்தால், வெட்டுப்பட்ட காசு என்று விலைதான் குறைந்திருக்கும். யவனர் பொன் நம் பக்கம் வந்த கதையின் ஒரு பக்கமே கிழிந்து போயிருக்கும்.

புஞ்சையும் பழைய வீடும்

தெரிந்தவர் ஒருவருடைய கடலைப் புஞ்சை, கடலை பிடுங்கியபின். கருவி பழக இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. நிலத்துக்காரர் கூடவே நிற்கட்டும். கிடைத்தால் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆட்சியருக்குச் சொல்வது இருவருக்கும் பொறுப்பு என்றும் அதில் எழுதிவிடுங்கள். நாங்கள் போன புஞ்சையில் கிடைத்தது உடைந்த ஏர்க்கொழு, மாட்டு லாடம் இரண்டு, ஒரு பழைய ஓட்டைக் காலணா. காலணா அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் மயிலைக்காளை ஜோடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள் வேறு. வளவும் இரண்டாங்கட்டும் தாண்டி, பின்கட்டுத் தோட்டம் எவ்வளவு ஆசை காட்டினாலும் போகாதீர்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சாவி கொடுத்து "போய்ப் பாருங்க" என்பது எல்லாருடைய சம்மதம் ஆகாது. ஒரு வெள்ளிக் கிண்ணம் கிடைத்தாலும் சிங்கப்பூரிலிருந்து சென்னைவரை போன் அடிக்கும், பத்து வருடமாகப் பேசாதவர்கள் புதிதாகச் சண்டை போடுவார்கள். அத்தனை பங்காளிகளும் கையெழுத்துப் போட்டால் மட்டும் யோசியுங்கள்.

பழைய காசும் பொருளும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்குத் தோண்ட வேண்டியதே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு காலை நேரம் நடந்தால் பர்மா மரவை, எனாமல் தூக்கு, பித்தளைக் கூஜா, கிண்ணத்தில் கொட்டிவைத்த காசுகள் எல்லாம் கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்கள். நூறு வயதுக்கு மேற்பட்டது என்று கடைக்காரர் சொன்னால் உரிமத்தையும் கேளுங்கள். வெளிநாட்டுக்கு அது போகக் கூடாது என்பது மட்டும் மாறாது.

தொலைத்தவருக்காகத் தேடுவது

இந்த வழி எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஊரணி விஷயம் அடங்கி ஒரு வாரம் இருக்கும். செருப்பைக் கழற்றச் சொன்ன அதே ஆச்சி வந்து வாசலில் நின்றார். "அந்த மிஷினு இன்னும் இருக்கா?" அவர் பேத்தி தை மாதம் உளுந்து பிடுங்கப் போனபோது, தோட்டின் திருகு கழன்று ஒரு தோடு வயலிலேயே விழுந்துவிட்டது. அம்மா போட்ட தோடு. அரிப்பு வைத்துச் சலித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள்.

மூன்று பாத்தி. கயிறு கட்டி ஓரடி ஓரடியாகப் பிரித்துக்கொண்டான். இங்கிலாந்தில் பழகிய வழக்கம். பேத்தி முன்னால் நடந்து, அன்று எந்த வரப்பிலிருந்து எந்த வரப்புக்குப் போனோம் என்று காட்டினாள். இரண்டாவது பாத்தியின் மேற்கு மூலையில், காய்ந்த உளுந்தங்கட்டையின் வேரடியில், மண்கட்டிக்குள் இருந்தது. அவன் எடுக்கவில்லை. "நீங்களே எடுங்க ஆச்சி" என்று தள்ளி நின்றான். ஆச்சி கட்டியை உடைத்து, தோட்டை முந்தானையில் துடைத்து, பேத்தி கையில் வைத்தார்.

இந்த வழியில் அனுமதிச் சிக்கல் இல்லை. கூப்பிட்டவர் நிலம், அல்லது அவரே கூட வந்து கேட்கிற நிலம். பொருளுக்கு உரியவர் பக்கத்திலேயே நிற்கிறார். என்ன கிடைக்க வேண்டும், எங்கே விழுந்திருக்கும் என்பது முன்பே தெரியும், அதனால் தேவையில்லாமல் பத்துக் குழி தோண்ட வேண்டாம். புதிதாக விழுந்த பொருள் மேல்மண்ணிலேயே இருக்கும், செம்பராங்கல் மண்ணிலும் கருவி பிடித்துவிடும். தேடும்போது வேறு பழைய பொருள் கிடைத்தால் மட்டும், மேலே சொன்ன புதையல் சட்டத்தின்படி நடக்க வேண்டும். பணம் வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நாங்கள் வாங்கவில்லை, பஸ் செலவு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வேலை தொடங்குவதற்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள். கிடைத்தபிறகு பேசினால் பொருளை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது போலாகிவிடும்.

மருமகன் வைகாசியில் திரும்பிப் போனான். கருவியை என்னிடமே விட்டுவிட்டான். இதுவரை ஐந்து பேர் கூப்பிட்டிருக்கிறார்கள்; மூவருக்குக் கிடைத்தது, இருவருக்குக் கிடைக்கவில்லை. நேற்று இரவு பக்கத்து ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. புதுமாப்பிள்ளை, கல்யாண மோதிரம், கண்மாய்க்கரையில் மாடு கட்டும்போது நழுவியிருக்கிறது. அவர்கள் ஊர் அம்பலத்திடமும் தலைவரிடமும் முதலில் சொல்லச் சொன்னேன், அப்புறம் வருகிறேன் என்றேன். காலையில் அம்பலமே பேசினார். நாளை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அது குடிக்கிற தண்ணீர்க் கண்மாயா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.